திரை முழுக்க ஒரு முகம்

கோபிகிருஷ்ணன் தன் கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில், நாலைந்து கம்ப்யூட்டர் வைத்த பிரௌசிங் சென்டர். அந்த ஊரில் அது மாதிரி தெருவுக்குத் தெரு இருக்கிறதே, இதில் என்னப்பா பெருமை என்று கேட்டால், "எங்கிட்ட மெஷின் ஆன் பண்ணா எடுத்தவுடனே ஃபுல் ஸ்கிரீன்க்கா" என்பான். ஒரு பொத்தானுக்கு இவ்வளவு பெருமையா என்று நான் சிரிப்பேன்.

ஆனால் பெண்கள் அவன் கடையைத்தான் தேடி வந்தார்கள். குவைத்துக்குப் புருஷனை அனுப்பிவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை முகம் பார்த்துப் பேச வருகிறவர்கள். மற்ற கடைகளில் திரைக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, ஓரத்தில் கண்ட கண்ட விளம்பரம் இருக்கும். திடீரென்று ஒருத்தி அரைகுறை உடுப்பில் வந்து நிற்பாள். மாமனாரோடு வந்த மருமகள் முகத்தை எங்கே கொண்டு வைப்பாள்? மூலையில் இருக்கிற பெருக்கல் குறியைத் தெரியாமல் அமுக்கிவிட்டு, பேச்சு பாதியில் போய்விட்டதே என்று அழுதவர்களும் உண்டு. அதனால் கோபி ஏதோ செய்து, மெஷினை ஆன் செய்ததும் பிரௌசர் தானாகத் திறந்து திரை முழுக்கப் பரவுகிற மாதிரி வைத்துவிட்டான். பட்டை இல்லை, கடிகாரம் இல்லை, பெருக்கல் குறி இல்லை. எதிரில் பேசுகிறவரின் முகம் மட்டும் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரைக்கும் தெரியும். அதிலிருந்து வெளியே வருகிற வழி அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நம்முடைய படம் நமக்கே தெரிகிற சின்னக் கட்டம் ஒன்றும், எழுத்தில் பேசிக்கொள்கிற இடம் ஒன்றும் அந்தப் பக்கத்தின் அடியில் இருக்குமாம். அதையும் அவன் திரைக்கு வெளியே தள்ளிவிட்டான். அதற்குக் காரணம் எங்கள் ஹரிதாதான். முதல் தடவை பேச வந்தபோது அவள் அந்தச் சின்னக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு பூவைச் சரி செய்தாள், முந்தானையைச் சரி செய்தாள், நெற்றி முடியை ஒதுக்கினாள். "நீ என்னப் பாக்க வந்தியா, உன்னப் பாக்க வந்தியா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து என் தம்பி கேட்க, கடையே சிரித்தது. அடுத்த வாரம் போனபோது கட்டம் காணவில்லை. "இப்போ அண்ணன் மொகத்த மட்டும் பாரும்மா" என்றான் கோபி.

ஹரிதா என் தம்பி மணிவேலின் மனைவி. எங்களுக்கு ஊர் நகரி. வீட்டுத் தறிகளை மணிவேல்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ மில் துணி வந்து சந்தையில் குவிந்ததும் எங்கள் லுங்கியைத் தொட்டுப் பார்க்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. தெருவில் பாதிப் பையன்கள் மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் போனார்கள். மணிவேல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போனான். விமானம் ஏறும்போது ஹரிதா முழுகாமல் இருந்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. தேன்மொழி என்று போனிலேயே பெயர் சொன்னான். ஆனால் குழந்தை முகத்தை அவன் பார்க்கவில்லை. ஹரிதாவின் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம். திருமலையில் முதல் மொட்டை அடிக்கிற வரைக்கும் குழந்தையைப் படம் எடுக்கக்கூடாது. அவள் அண்ணன் குழந்தையைப் படம் எடுத்த வாரமே காய்ச்சல் வந்து செத்துப்போய்விட்டது என்பதால் அவளுக்கு அதில் அப்படி ஒரு பயம். கம்ப்யூட்டரில் இருப்பதும் கேமராதானே என்று, அவள் உள்ளே போய்ப் பேசும்போது நான் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே டீக்கடைப் பக்கம் நிற்பேன். குழந்தை அழுதால் சத்தம் உள்ளே கேட்கும். "அக்காவ உள்ள வரச் சொல்லேன், ஒரே ஒரு வாட்டி" என்று மணிவேல் கெஞ்சுவானாம். எனக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் ஆகாது. பெற்றவனிடம் காட்டாமல் அப்படி என்ன காப்பாற்றுகிறாள் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே நிற்பேன். மொட்டைக்கு லீவு போட்டு வருகிறேன் என்று அவன் சொன்னதால் விட்டுவிட்டேன்.

லீவுக்கு முன்னால் போன் வந்தது. பேசியது முனிகிருஷ்ணன், குவைத்தில் மணிவேலோடு ஒரே அறையில் இருக்கிறவன், நம்ம வடமாலபேட்டைப் பையன். வண்டி கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்துவிட்டானாம். இருதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்களாம்.

"நாளிக்கி காலைல ஆபரேஷன்க்கா. பயப்படாதீங்க, பெரிய ஆஸ்பத்திரி. என் லேப்டாப்ப எடுத்துக்கினு அவங்கிட்டதான் கீறேன். இன்னிக்கே கொழந்தையப் பாக்கணும்னு சொல்லிக்கினே கீறான். எப்படியாவது திருப்பதிக்கி வந்துடுங்க."

நான் ஹரிதாவிடம் சொல்லி முடிப்பதற்குள் அவள் பீரோவைத் திறந்துவிட்டாள். மொட்டைக்கு என்று எடுத்து வைத்திருந்த பச்சை கவுனைக் குழந்தைக்குப் போட்டாள். போட்டோவும் பயமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்றைக்கு ஆயுத பூஜை.

நகரியில் ஒரு தறி ஓடவில்லை. எல்லாத் தறிகளும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு மாலையோடு நின்றன. பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் பால் பழம் வைத்து எடுக்கிற வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். எங்கள் ஊர் பிரௌசிங் சென்டரும் பூட்டிக் கிடந்தது. நான் கோபிக்குப் போன் போட்டேன்.

"அய்யோ அக்கா, நேத்து ராத்திரியே பூஜைல வெச்சிட்டோம். இன்னிக்கி மெஷின தொடகூடாது காதா" என்றான், வழக்கம்போலத் தெலுங்கையும் தமிழையும் கலந்து.

"ஏம்பா, தொட்டா மெஷின் கோச்சிக்குமா? அங்க ஒருத்தன் நெஞ்ச அறுக்கறதுக்குப் படுத்துக்கினு கீறான். கொழந்த மொகத்தக் காட்டிட்டு நாங்க போயிடறோம். பாவம் வந்தா என் தலைல போடு."

போனைப் பிடித்துக்கொண்டே மனைவியிடம் ஏதோ கேட்டான். பிறகு, "சரேலே, வாங்க. ஒரே ஒரு மெஷின் தொறக்கறேன்" என்றான்.

வாழைக்கன்று கட்டிய பஸ்ஸில் போனோம். புத்தூரில் ஒரு தரம் நிறுத்திப் பூசணிக்காய் உடைத்தார்கள். மற்ற நாளாக இருந்தால் டிரைவரிடம் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு எதையும் கெடுக்க மனம் வரவில்லை. ஹரிதா குழந்தையை மடியில் உட்காரவைத்து, "நைனாவப் பாக்கப் போறோம், நைனாவப் பாக்கப் போறோம்" என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். குழந்தை எதிர் சீட்டுக் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது.

கடை ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே கோயில் மாதிரி சாம்பிராணி வாசனை. கோபியின் மனைவி ரூபா பூஜையை நன்றாகச் செய்திருந்தாள், குறை சொல்ல முடியாது. மானிட்டர், கீபோர்டு, மௌஸ், கீழே பெட்டி, ஃபேன் ஸ்விட்ச் எதையும் விடாமல் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்திருந்தாள். ஒவ்வொரு மானிட்டருக்கும் சாமந்தி மாலை. மானிட்டர் தலையில் உட்கார்ந்திருந்த கேமராவுக்கும் ஒரு பூ செருகியிருந்தாள். கோபி செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினான்.

மானிட்டர் கண்ணாடிக்கு நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனப் பொட்டு, அதில் குங்குமம். திரை வெளிச்சம் வந்ததும் அது கறுப்பாகத் தெரிந்தது. கோபி துணியை எடுத்துக்கொண்டு வந்து, "இதெல்லாம் தொடச்சிட்டு உக்காருங்க" என்றான்.

ஹரிதா அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

"அழிக்காதீங்கண்ணா. அவரு ஆஸ்பத்திரில கீறாரு. இன்னிக்கி குங்குமத்த அழிக்க வாணாம். எங்க வெச்சிருக்கறதையும் அழிக்க வாணாம்."

"அவுனு, வாணாம்" என்றாள் ரூபா, கன்னத்தில் கைவைத்து. கோபி துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். எல்லாவற்றுக்கும் வாய் பேசுகிற நானும் சரி என்று தலையை ஆட்டினேன். புருஷன் ஆபரேஷனுக்குப் படுத்திருக்கும்போது குங்குமத்தைத் துடைத்துப் போடு என்று எந்த நாத்தனார் சொல்லுவாள்?

கோபி சேரில் ஹரிதாவை உட்காரவைத்து, வழக்கம்போல ஷட்டர் பக்கம் போய் நின்றுகொண்டான். பெண்கள் பேசும்போது அவன் திரையைப் பார்க்கமாட்டான். அந்த ஒரு மரியாதை அவனிடம் எப்போதும் உண்டு.

திரை முழுக்க மணிவேல் வந்தான். எவ்வளவு இளைத்துவிட்டான். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, மூக்கில் பிளாஸ்திரி ஒட்டின குழாய். கண்ணாடியில் இருந்த பொட்டு சரியாக அவன் நெற்றியில் வந்து உட்கார்ந்தது. தலையைத் திருப்பினால் கன்னத்துக்குப் போனது, நேரே பார்த்தால் மறுபடியும் நெற்றிக்கு வந்தது. ஹரிதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"சாமிக்குப் பொட்டு வெச்ச மாதிரி கீறீங்க" என்றாள்.

அவன் எங்களைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். பக்கத்தில் இருந்த முனிகிருஷ்ணனிடம் ஏதோ சொன்னான். முனிகிருஷ்ணன் குனிந்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் போனது. மணிவேல் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினான்.

"பாப்பாவ தூக்கிக்கினு வந்தியா, ஹரி?"

"இதோ. நல்லாப் பாருங்க." ஹரிதா குழந்தையை இரண்டு கையாலும் தூக்கித் திரைக்கு எதிரே நிறுத்தினாள். "தெரியிறாளா?"

மணிவேல் முனிகிருஷ்ணனை ஒரு தரம் பார்த்தான்.

"தெரியிறா" என்றான். "சட்ட இன்னா கலரு?"

"பச்ச. ஏன், தெரியலியா?"

"கம்ப்யூட்டர்ல கலரு மாறித் தெரியும் இல்ல, அதான் கேட்டேன். முடி நெறைய கீதா?"

"நெறைய. சுருட்ட, உங்க மாதிரி."

"இப்போ இன்னா பண்றா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "ஏண்டா, கண்ணெதிர்லயே கீறா, நீயே பாத்துக்க வேண்டியதுதான. எல்லாத்தையும் எங்களக் கேட்டுக்கினு."

அவன் சிரித்தான். "நீ சொல்லுக்கா. நீ சொன்னா நல்லாருக்குது."

அதனால் சொன்னேன். மாலையில் இருந்து ஒரு சாமந்தியைப் பிய்த்து வாயில் போடப் பார்க்கிறாள் என்றேன். மூக்கு நம்ம அம்மா மூக்கு, கோபம் என் கோபம் என்றேன். மேலே ஒரு பல், கீழே இரண்டு பல் என்றாள் ஹரிதா. இடது காதுக்குக் கீழே மச்சம் இருக்கிறது என்றாள். மணிவேல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு" என்றான். முனிகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். ஆபரேஷன் பயத்தில் இருக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன்.

குழந்தை "ந்தா" என்று ஒரு சத்தம் போட்டது. அவன் கண்ணைத் திறந்து திரைக்கு ரொம்பக் கிட்டே வந்தான். திரை முழுக்க அவன் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன, நடுவில் எங்கள் குங்குமம். அவ்வளவு கிட்டத்தில் எதைத் தேடுகிறான் என்று இருந்தது.

"நர்ஸ் வந்துட்டா. ஆபரேஷன் முடிஞ்சி பேசறேன்" என்றான். "ஹரி, பாப்பா அழகா கீறா."

முகம் போய் திரை கறுப்பானது.

ஹரிதா குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி என்று எனக்குத் தோன்றியது. பால் கொடுக்க ரூபாவோடு உள் அறைக்குப் போனாள். நான் சேரிலிருந்து பையை எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷினை அணைக்க வந்த கோபி என்னவோ ஒரு பொத்தானை அமுக்கினான். திரை சுருங்கியது. மேலே பட்டை வந்தது, கீழே பட்டை வந்தது. அவன் ஒளித்து வைத்திருந்த அந்தச் சின்னக் கட்டமும் அடியில் வந்து நின்றது.

அதில் நான் இல்லை. கடை இல்லை. கட்டம் முழுக்க ரத்தச் சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. கோபி மெதுவாகத் தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தான். நானும் பார்த்தேன். தலையில் பூ. பூவுக்குக் கீழே, அந்த வட்டக் கண்ணாடி மேல், பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் மாதிரி, கச்சிதமாகச் சந்தனம். சந்தனத்தில் குங்குமம்.

கட்டத்துக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு மூன்று வரி கிடந்தது. முனிகிருஷ்ணன் தட்டி அனுப்பியது. கோபி படித்தான்.

"படம் வரல. செவப்பா மட்டும் கீது. கேமராவ பாருங்க." கடைசி வரிக்கு வந்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. "சொல்ல வேணாம்னு சொல்றான். ஹரி அழுவா-ங்கிறான். நாளிக்கி பாத்துக்கலாம்-ங்கிறான்."

கோபி கைத்துணியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தான். கட்டத்தில் நாங்கள் வந்தோம். வாய் பிளந்து நிற்கும் ஒரு பொம்பளையும் அவள் பக்கத்தில் ஒரு ஆளும். திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். யாரும் எடுக்கவில்லை. முனிகிருஷ்ணன் போன் அணைந்திருந்தது. உள் அறையிலிருந்து ஹரிதா குழந்தையோடு பேசுகிற சத்தம் கேட்டது. "நைனா பாத்தாரா? நைனா உன்னப் பாத்தாரா?"

கோபி என்னைப் பார்த்தான். நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவன் மெஷினை அணைத்துவிட்டு அந்தச் சேரிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனை எப்போதும் கிண்டல் செய்கிறவள் நான். அன்றைக்கு அவன் தோளில் கை வைத்துவிட்டு வந்தேன். அவன் மேல் என்ன தப்பு? நல்லது என்று நினைத்துத்தான் எல்லோரும் எல்லாம் செய்தோம்.

மறுநாள் ஆபரேஷன் டேபிளிலேயே மணிவேல் போய்விட்டான்.

உடம்பு மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு வந்து, அங்கிருந்து வண்டியில் நகரிக்கு வந்தது. பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் மேலே விழுந்து அழுதார்கள். ஹரிதா மட்டும் உள்ளே போய் குழந்தைக்கு அந்தப் பச்சை கவுனை மாட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் முகத்துக்கு நேராக இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். கடையில் திரைக்கு எதிரே பிடித்த மாதிரியே பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்கு அப்பன் முகத்தைக் காட்டுகிறாள் என்று பெண்கள் சொல்லி அழுதார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "கடசியா கொழந்தையப் பாத்துட்டாரு, அது போதும்" என்று அவளே சொன்னாள். எங்கள் அம்மா மணியம்மாவுக்கு அந்த வார்த்தைதான் பிடிமானம். "பாத்துட்டுதான் போனான் என் புள்ள" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வாய் சோறு தின்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். அந்தச் சிவப்புக் கட்டம் நான் கண்ணை மூடினால் வரும். சாகிற வரைக்கும் இதை எவளிடமும் சொல்வதில்லை என்று வைத்திருந்தேன். ஹரிதாவிடம் எப்படிச் சொல்வேன்? அழிக்காதீங்க என்று கையைப் பிடித்தவள் அவளல்லவா.

கருமாதி அன்று விடியற்காலையில் ஹரிதாவை நடுக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், நெற்றியில் பெரிய குங்குமம். எல்லாவற்றையும் வைத்து, எல்லாவற்றையும் எடுப்பார்கள். இதைப் போல ஒரு கொடுமையை எந்த ஜென்மம் கண்டுபிடித்ததோ தெரியவில்லை. பங்காளி வீட்டுச் சந்திரம்மா ஈரத்துணியோடு வந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"பூவ எடுங்க, வளையல எடுங்க. பொட்டுல கை வெக்க வாணாம். அது அப்பிடியே இருக்கட்டும்."

"ஊர்ல இல்லாத வழக்கமா கீதே" என்றாள் சந்திரம்மா.

"இல்லாட்டி போவுது. இருபத்தஞ்சி வயசுப் பொண்ணு. எந்தம்பி பொண்டாட்டி. அவ பொட்ட எவ அழிக்கிறான்னு நான் பாக்கறேன்."

பெண்கள் முணுமுணுத்தார்கள். அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள். பச்சை கவுனில் குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் துணியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

ஹரிதா என் புடவை முனையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். மற்றவர்களுக்குக் கேட்காமல் மெல்லிய குரலில் பேசினாள்.

"பாத்துக்கினு கீறவரு சட்ட கலர ஏன் கேக்கப் போறாரு, அண்ணி? அப்பவே தலையத் தூக்கி கேமராவப் பாத்துட்டேன். எழுந்து தொடச்சிருக்கலாம். கை வரல."

என் கையில் இருந்த ஈரத்துணியை வாங்கினாள். யாரும் தொடுவதற்கு முன்னால், நெற்றியில் அழுத்தி, அவளே துடைத்தாள்.

"இத அன்னிக்கே அழிச்சிருந்தா பாப்பாவப் பாத்திருப்பாரு."